கார்த்திகைக்குள் எழுதவேண்டிய உறுதி

நான் கலியாணம் முடித்துப் போன வீட்டில் எல்லாம் இருந்தது, குடிக்கத் தண்ணீரைத் தவிர. கிணறு இல்லையென்று சொல்லவில்லை. சுற்றிவரக் கல்லுக் கட்டிய, துலாப் போட்ட, பார்த்தால் கண்ணுக்கு நிறைவான கிணறு ஒன்று வளவின் மூலையில் இருந்தது. அள்ளினால் வருவது உப்பு. தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்குக் கிட்டிய ஊர். கோடையில் அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. பருப்பு அவியாது. சவுக்காரம் நுரைக்காது. தலை முழுகினால் மயிர் தும்பாகிவிடும். நானோ சாவகச்சேரிப் பக்கத்தில், இளநீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத மண்ணில் பிறந்தவள். முதல்நாள் அந்த வீட்டில் தந்த தேத்தண்ணியைக் குடித்தபோதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புதுப்பெண் தாய் வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

சமையலுக்கும் குடிக்கவும் மேற்கு வீட்டுக் கிணற்றில்தான் அள்ளினோம். வேலிக்கு அந்தப்பக்கம் நாற்பது ஐம்பது அடி தள்ளியிருந்த அந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறதென்று யார் கண்டது. காலையில் இரண்டு குடம், பின்னேரம் இரண்டு குடம். அந்த வீட்டு மாமி விதவை. எங்களுக்கு உறவில்லை, ஊர் முறைக்கு மாமி. நல்ல மனுஷிதான். ஆனால் தண்ணீர் தருகிறவருக்கு முன்னால் வாங்குகிறவள் கொஞ்சம் குனிந்துதான் நிற்க வேண்டும். அவர் படலை சாத்தியிருந்தால் வெளியே குடத்தோடு காத்திருக்க வேண்டும். அவருக்குத் தலையிடியென்றால் துலா கிறீச்சிடாமல் அள்ள வேண்டும். அவர் மருமகளைப் பற்றிச் சொல்வதற்கெல்லாம் "ஓம் மாமி, ஓம் மாமி" என்று தலையாட்ட வேண்டும். எட்டு வருடம் அப்படி ஓம் போட்டேன். என் குணம் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அந்த மாமியைக் கொழும்பில் உத்தியோகம் பார்த்த மகன் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டுவிட்டான். அவர் ஒருநாள் நான் குடத்தை இடுப்பில் ஏற்றுகிற நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னார்.

"பிள்ளை, நான் இந்தக் காணியை விக்கப்போறன். உனக்கெண்டால் விலையிலை பாத்துச் செய்வன். தைப்பொங்கல் மட்டும் பொறுப்பன். அதுக்கு மேலை ஏலாது. சுண்ணாம்புச் சூளைக்காரன் ஒருத்தன் காசைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறான்."

சூளைக்காரன் வந்தால் தண்ணீரும் இல்லை, காயப்போட்ட சீலையும் புகையாகும். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "மாமி, அவனுக்குக் குடுக்காதேங்கோ, நாங்கள் வாங்குறம்" என்றேன். என்னத்தை வைத்து வாங்குவது என்று பிறகுதான் யோசித்தேன்.

என் புருஷன் சைவப் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியார். அவருடைய சம்பளத்தில் காணி வாங்கும் கனவெல்லாம் காணக்கூடாது. எனக்கென்று இருந்தது சீதனக் காணி ஒன்றுதான். சாவகச்சேரிச் சந்தையிலிருந்து கால் மைல், பன்னிரண்டு பரப்பு. அதில் பாதி எனக்கு, பாதி என் ஒரே அண்ணைக்கு. நடுவில் வேலி இல்லை, பிரித்து அளக்கவும் இல்லை, கிணறும் பொது. அண்ணை அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்து இரண்டு பங்கையும் பார்த்துவந்தார்.

"இஞ்சருங்கோ, என்ரை சீதனத்தை வித்துப்போட்டு மாமியின்ரை காணியை வாங்குவம்" என்றேன்.

அவர் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். "அது உம்மடை காணி. உமக்குச் சரியெண்டால் எனக்கும் சரி" என்றார். எங்கள் தேசவழமைச் சட்டப்படி புருஷன் சம்மதம் இல்லாமல் பெண் தன் சீதனத்தை விற்க முடியாது. எங்கள் வீட்டில் அந்தச் சம்மதம் கேட்டு முடிக்கமுன் கிடைத்துவிடும். ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்லுகிறது. காணியை வெளியாளுக்கு விற்கமுன் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும்; அவர் அதே விலைக்கு எடுக்க விரும்பினால் அவருக்குத்தான் முதலிடம். என் பங்காளி என் அண்ணை. அண்ணையோடு நான் கதைத்து அப்போது ஆறு வருடம்.

சண்டை ஒரு மாமரத்தில் தொடங்கியது. பொதுக்காணியின் நடுவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மரம். அந்த வருடம் நான் வயிற்றில் பிள்ளையோடு, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டுமென்று ஆசையோடு போய் இறங்கினேன். மரத்தில் ஒரு காய் இல்லை. அண்ணை எல்லாவற்றையும் ஆய்ந்து வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். "எனக்கும் பங்கிருக்கிற மரத்தைக் கேட்டு ஆய்ஞ்சால் வாய் தேஞ்சுபோமோ? இதுக்குப் பேர் களவு" என்று அயலட்டை கேட்க நான் கத்தினேன். அண்ணை ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் திருப்பி ஏசியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிற சடங்குக்கு அண்ணை வந்தார். பிள்ளையின் கையில் ஒரு சோடி காப்புப் போட்டார். நான் மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "நேரமாகுது" என்று எழும்பிப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காமல் எழும்பினால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டு, குசினிக்குள் நின்று அழுதேன். பிறகு எனக்கும் வீறாப்பு வந்துவிட்டது. அவர் வராவிட்டால் எனக்கென்ன.

தரகர் ஒருவர் எனக்கு ஆள் பிடித்துத் தந்தார். மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்து சாவகச்சேரியில் இருந்தவர். மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கக் காணி தேடினார். அண்ணை வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தரகரோடு போய்க் காணியைப் பார்த்தார், மண்ணை மிதித்துப் பார்த்தார், தண்ணீரை அள்ளிக் குடித்து "அருமை" என்றார், சொன்ன விலைக்குச் சம்மதித்தார். ஆனி மாதக் கடைசியில் வெற்றிலைத் தட்டத்தில் அச்சவாரமாக முற்பணம் வைத்துத் தந்தார். ஆவணியில் காணியை அவர் பேருக்கு உறுதி எழுதுவது என்று பேச்சு. எனக்குக் கால் தரையில் படவில்லை. அன்றைக்குப் பின்னேரம் மாமியிடம் தண்ணீர் அள்ளப் போனபோது அந்தக் கிணற்றை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தேன்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு கேட்ட முதற் கேள்வி, "அண்ணருக்குச் சொல்லியாச்சோ?"

"சொல்லாமல் விட்டால் என்ன?"

"பிறகு வழக்குப் போட்டு மறிக்கலாம். நீங்கள் நேரிலை போய்ச் சொன்னால் நல்லது. இல்லாட்டி விதானையார் மூலமாய் எழுத்திலை அறிவித்தல் குடுக்கலாம்."

அந்த இரண்டாவது வழி எனக்குச் சர்க்கரையாக இனித்தது. கதைக்காமலே, ஊர் அதிகாரியான விதானையாரைக் கொண்டு காரியத்தை முடிக்க அரசாங்கமே ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது! "விதானையார் மூலமே குடுங்கோ" என்றேன். பக்கத்தில் நின்ற என் புருஷன், "இஞ்சரும், ஒருக்கால் நேரிலை போய்வந்தால்..." என்று தொடங்கினார். நான் ஒரு பார்வை பார்த்தேன். அவர் நிறுத்திவிட்டார். நான் செய்த பிழைகளைக் கணக்கெடுத்தால் அந்தப் பார்வையைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அறிவித்தல் போனது. பதில் சொல்ல விட்ட தவணை முடிந்தது. அண்ணையிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. நல்லதாய்ப்போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு தொடங்கியது மலாயாக்காரரின் தபால் அட்டை. ஆடி மாதத்தில் காணி எழுதக்கூடாது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆவணி வந்தது, மனைவியின் பெரியம்மா காலமாகிவிட்டாராம், துடக்கு முப்பத்தொரு நாளைக்காம். சரி, சாவை யார் மறிக்க முடியும். புரட்டாதியில் அவருக்குச் சனி சரியில்லையாம், சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரிக்கிறாராம், அது முடியட்டுமாம். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதமாம், விரதகாலத்தில் நொத்தாரிசு கந்தோர் வாசல் மிதிப்பதில்லையாம். ஒவ்வொரு அட்டையும் முத்துமுத்தான கையெழுத்தில், சுகம் விசாரித்து, மன்னிப்புக் கேட்டு வரும். இந்த மனிதர் மலாயாவில் பஞ்சாங்கம் பார்த்துத்தான் ரயில் விட்டாரோ, மரணயோகத்தில் சனங்கள் ஸ்டேசனிலேயே கிடந்தார்களோ என்று நான் ஒவ்வொரு அட்டைக்கும் வீட்டில் ஆடுவேன். என் புருஷன் மறுமொழி எழுதுவார். நான் சொல்லச்சொல்ல எழுதினாலும், நான் சொன்னதை எழுதமாட்டார்.

கார்த்திகை பிறந்ததும் எனக்கு நித்திரை போய்விட்டது. மார்கழியில் யாரும் உறுதி எழுதமாட்டார்கள். மார்கழி முடிந்தால் தை. தைப்பொங்கலோடு மாமி போய்விடுவார். ஆக, எழுதுவதென்றால் கார்த்திகைக்குள் எழுத வேண்டும். இதற்கிடையில் ஒருநாள் நான் குடத்தோடு போனபோது சூளைக்காரன் கயிறு பிடித்து மாமியின் வளவை அளந்துகொண்டு நின்றான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இதைத் தூர்த்துப்போட்டால் இஞ்சையும் கல்லு அடுக்கலாம்" என்று தன் ஆளுக்குச் சொன்னான். மாமி என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலை மடித்தார். அள்ளிய தண்ணீரில் பாதி என் காலில் ஊற்றுப்பட்டது.

அடுத்த நாள் அட்டை வந்தது. மழை கடுமையாம், நாள் பார்த்து அறிவிப்பாராம்.

நான் அச்சவாரக் காசை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்தேன். மகளை மாமி வீட்டில் விட்டேன். புருஷன் பள்ளிக்கூடத்தில். அந்த நாளில் ஒரு பெண் தனியே பஸ் ஏறினால் ஊர் கதைக்கும். கதைக்கட்டும் என்று ஏறினேன். பருத்தித்துறைக்குப் போய், அங்கிருந்து கொடிகாமம் போய், அங்கிருந்து சாவகச்சேரி. வழியெல்லாம் வயல்கள் வெள்ளமாய்க் கிடந்தன. பஸ்ஸின் தட்டி வழியாகத் தூவானம் அடித்து என் வலதுபக்கம் முழுக்க நனைந்துவிட்டது. மலாயாக்காரரை என்னென்ன சொல்லி ஏசுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கொடிகாமத்தில் அடுக்கியது நன்றாக இருந்தது.

அவர் விறாந்தையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாரும் பிள்ளை, இந்த மழையுக்கை..." என்றார். நான் முடிச்சை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்தேன்.

"இது உங்கடை அச்சவாரம் ஐயா. எனக்கு உங்கடை காசும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். வாங்க மனமில்லையெண்டால் ஆனியிலையே சொல்லியிருக்கலாம். அஞ்சு மாசமாய் ஒரு பொம்பிளையைப் பேக்காட்டியிருக்கிறியள்."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். பருத்த, அமைதியான அம்மா. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "சொல்லுங்கோவன். என்ரை பெரியம்மாவையும் சாகக் குடுத்தாச்சு. இனி ஆரைச் சாகக் குடுக்கப்போறியள்?" என்றார்.

"பெரியம்மா செத்தது பொய்யே?" என்று கேட்டேன்.

"செத்தது மெய்தான். ஆனால் அது போன வருசம்" என்றார் அந்த அம்மா.

மலாயாக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, இரும். உம்மடை அண்ணரட்டை மூண்டு தரம் போய்வந்தன். முதல் தரம் 'பாப்பம்' எண்டார். இரண்டாந்தரம் மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நிண்டார், திரும்பியும் பாக்கேல்லை. மூண்டாந்தரம் இருத்தித் தேத்தண்ணி தந்து மழையைப் பற்றிக் கதைச்சார். காணியைப் பற்றி ஒரு சொல்லு வரேல்லை."

"அறிவித்தல் குடுத்துத் தவணையும் முடிஞ்சுதே. அவர் சொன்னாலென்ன, சொல்லாட்டிலென்ன?"

"காகிதத்திலை முடிஞ்சுது பிள்ளை. நாளைக்கு என்ரை மகள் அங்கை குடியிருக்கப்போறாள். அவருக்கும் அவளுக்கும் ஒரு கிணறு. முகம் குடுக்காத மனிசரின்ரை கிணத்திலை அவள் என்னெண்டு ஒவ்வொரு நாளும் தண்ணி அள்ளுறது?"

அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாக விடை தெரிந்த ஒருத்தி இந்தக் குடாநாட்டில் இருந்திருக்கமாட்டாள். என் ஏச்செல்லாம் அப்படியே அடங்கிவிட்டது. கதிரையில் இருந்தேன். "ஏன் இதை எனக்கு எழுதேல்லை?" என்று கேட்டேன்.

"கூடப்பிறந்தவரைப் பற்றித் தபால் அட்டையிலை எழுதுறதோ? தபால்காரன் வாசிப்பான், ஊர் அறியும். பழியைச் சனிபகவானிலை போட்டால் ஆருக்கும் மனவருத்தமில்லை" என்றார்.

அவர் மனைவி காசை எடுத்து என் கையில் திரும்ப வைத்து, விரல்களை மடித்துவிட்டார். "உது உம்மட்டையே இருக்கட்டும். போய் அண்ணரைப் பாத்திட்டு வாரும்."

அங்கிருந்து அண்ணை வீடு நடை தூரம்தான். ஒழுங்கைக்குள் கணுக்கால் மட்டும் வெள்ளம். கையில் செருப்பும் குடையுமாகப் போனேன். படலையைத் திறக்கும்போது, ஆறு வருடமாக அதைத் திறக்காத கை எப்படியோ அதன் கொக்கியை மறக்கவில்லை. அண்ணையின் பெண்சாதி, என் மச்சாள்தான் முதலில் கண்டார். "ஐயோ, ஆர் வாறது எண்டு பாருங்கோ" என்று மாட்டுக்கொட்டிலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அண்ணை வெளியே வந்தார். மயிர் நன்றாக நரைத்திருந்தது. எனக்கு அது தெரியாது. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நனைஞ்சுபோனாய்" என்றார்.

மச்சாள் துவாய் கொண்டுவந்து தந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, முகத்தைத் துவாய்க்குள் வைத்துக்கொண்டே, "அண்ணை, காணி விக்கிறதைப் பற்றி..." என்று தொடங்கினேன்.

அவர் கூரையின் இறப்புக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். விதானையார் கொண்டுவந்த அறிவித்தல். நாலாக மடித்து, ஓலைக்குள் செருகி வைத்திருந்தார். ஓரமெல்லாம் புகை பிடித்திருந்தது.

"விதானையார் இதைப் படலையிலை நிண்டு வாசிச்சவர். அங்காலை வீடு, இஞ்சாலை வீடு எல்லாம் கேட்டவை. என்ரை தங்கச்சி காணி விக்கப்போறாள் எண்டதை நான் அரசாங்கம் சொல்லி அறிஞ்சன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நான் கதைக்காமல் காரியம் முடிக்கிறேன் என்று பெருமைப்பட்ட அந்தக் காகிதம், அவருடைய படலையில் நின்று ஊருக்குக் கேட்கக் கதைத்திருக்கிறது.

"வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை. இல்லாட்டி எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே."

அவர் காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினார். மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தைச் சொல்லுறது? எடுக்கிறதுக்குக் கையிலை என்ன இருக்கு? எடுக்கேல்லை எண்டு விதானையாருக்கு முன்னாலை சொல்ல இவருக்கு வாய் வரேல்லை. உன்ரை பங்கை வெளியாக்களுக்கு விடக்கூடாதெண்டு சோடி எருதையும் விக்க விலை பேசினவர். நாளைக்கு உழவுக்கு என்ன செய்யிறது எண்டு நான்தான் மறிச்சனான்."

"நீ சும்மா இரு" என்றார் அண்ணை.

எருதைப் பற்றிக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காணியை என்னிடமிருந்து பிடுங்கத்தான் அவர் பேசாமல் இருக்கிறார் என்று வருகிற வழியில் நினைத்தேன். இல்லை, என்னைப் பழிவாங்கத்தான் என்றும் நினைத்தேன். கையில் காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனிதர் ஐந்து மாதம் வாய் மூடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

"எனக்கு நல்ல தண்ணி வேணும் அண்ணை" என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். உப்புக் கிணறு, எட்டு வருடக் குடம், மாமியின் தலையிடி, சூளைக்காரனின் கயிறு. சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பிச் சொன்னேன்.

அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணிக்கே விக்கிறாய்? நான் நினைச்சன், அந்த மாங்காயின்ரை கோவத்திலை, எனக்குப் பக்கத்திலை ஆரையாவது கொண்டுவந்து விடவேணுமெண்டு விக்கிறாய் எண்டு."

"அப்பிடி நினைக்கிற ஆளே நான்?"

"ஓம்" என்றார் அண்ணை. உடனேயே சொன்னார், கொஞ்சமும் யோசிக்காமல். மச்சாள் சிரித்துவிட்டார். எனக்கும் அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் அறிவித்தலைத் திரும்பவும் மடித்து மடியில் வைத்தார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். "குடையை எடு. மலாயாக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்க முந்திப் போவம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடையின் கீழ் அந்த வெள்ளத்தில் நடந்தோம். ஒழுங்கையில் எதிர்ப்பட்ட ஒரு கிழவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். அண்ணை அவருக்கு, "தங்கச்சி வந்திருக்கிறாள்" என்று சொன்னார். கேட்காமலே சொன்னார்.

மலாயாக்காரருடைய சனி அன்றைக்கே விலகியது. அண்ணை விறாந்தையில் ஏறி, "நீங்கள் எழுதுங்கோ. பிள்ளை வந்து குடியிருக்கட்டும். கிணத்தடியிலை ஒரு குறையும் வராது" என்று மூன்று வசனம் சொன்னார். அவ்வளவுதான். ஐந்து மாதமாக ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு சூளை எல்லாம் அந்த மூன்று வசனத்துக்காகத்தான் காத்துக் கிடந்தன. மலாயாக்காரர் பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். அவர் மனைவி அதைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கும்போது உறுதி எழுதினோம். நொத்தாரிசு அதை ஒரே மூச்சில் வாசித்தார். நான் ஒப்பம் வைத்தேன். என் புருஷன் சம்மதத்துக்கு ஒப்பம் வைத்தார். முதற் சாட்சியாக அண்ணை வைத்தார். அவருடைய ஒப்பம் பெரிதாக, சாய்வாக, இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். இரண்டாம் சாட்சிக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசியென்று தோன்றிச் சாப்பிட்டேன்.

மார்கழியில் எழுதக்கூடாது என்பதை மாமியும் அறிவார். எங்கள் காசைக் கண்டதும் சூளைக்காரனை அனுப்பிவிட்டு, தை பிறந்த அன்றைக்கு அடுத்த நல்ல நாளில் எழுதித் தருவதாகச் சொன்னார். அவருடைய கிணற்றிலும் காலமான அவர் புருஷனின் தம்பிக்கு ஒரு பங்கிருந்தது. நொத்தாரிசு அறிவித்தல் பேச்சை எடுத்தபோது நான் குறுக்கிட்டேன். "மாமி, காகிதம் அனுப்பாதேங்கோ. பின்னேரம் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். ரெண்டு பேருமாய்ப் போய்ச் சொல்லிப்போட்டு வருவம்." என் புருஷன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அந்த வருடப் பொங்கல் யாருக்கும் குனியாமல் அள்ளிய நல்ல தண்ணீரில் பொங்கியது. பட்டிப்பொங்கல் முடிந்த மறுநாள், முற்பகல், வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அண்ணை. மச்சாளும் கூட. வண்டியில் ஒரு மூட்டை புது அரிசி, தேங்காய், ஒரு பலாக்காய். வண்டியில் பூட்டியிருந்தது அந்தச் சோடி எருதுதான். கொம்பில் பொங்கலுக்குப் பூசிய வர்ணம் இன்னும் போகவில்லை. நான் முதலில் அந்த இரண்டையும்தான் தடவிக் கொடுத்தேன்.

மாமியின் சம்மதத்தோடு நடுவேலியில் பொட்டு வெட்டி வழி விட்டிருந்தோம். அண்ணை அதற்குள்ளால் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார், கட்டைத் தட்டிப் பார்த்தார், துலாக்கயிற்றை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து விறாந்தையில் இருந்தார். நான் உள்ளே போய் அதே மூக்குப்பேணியை எடுத்தேன். வேறு பேணி இல்லாமலில்லை. தண்ணீர் நிறைத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை பேணியை எடுத்தார். தலையை அண்ணாந்து, வாயில் படாமல் வார்த்து, ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மகளின்ரை முப்பத்தொண்டுக்கு வந்தண்டு இந்தப் பேணியைத் தொடாமல் ஏன் எழும்பிப் போனியள்?" என்றேன். கோபமாகக் கேட்கவேண்டும் என்று ஆறு வருடமாக வைத்திருந்த கேள்வி. கேட்கும்போது கோபம் வரவில்லை.

"அண்டைக்கே?" அவர் ஆச்சரியப்பட்டார், அல்லது ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்தார். "அண்டைக்கு வந்தவுடனை உங்கடை கிணத்திலை கால் கழுவி வாய் கொப்பளிச்சனான். அந்தத் தண்ணியை மனிசன் குடிப்பானே? உன்னோடை கோவமெண்டால் நான் ஏன் காப்பும் கொண்டு வாறன்?"

நான் அன்றைக்கு அவருக்கு வைத்தது மாமி வீட்டு நல்ல தண்ணீர். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இந்த முறை நான் அவர் சொன்னதைக் கேட்டேன்.

அண்ணை வெறும் பேணியை என்னிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வார் பிள்ளை" என்றார்.

நான் கிணற்றடிக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தேன்.